கையில் கிளை, இடுப்பில் துப்பாக்கி

முன்னால் போலீஸ் நிற்கிறது என்பதை, பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்களும் வண்டி வேகம் குறைவதை வைத்தே தெரிந்துகொள்வார்கள். என் மாமா வெலாபி சுங்கு ஓட்டும் வேனில் அப்படித்தான். வேறு எதற்கும் அவர் அவ்வளவு மெதுவாக பிரேக்கை மிதித்ததில்லை. மாடு குறுக்கே வந்தால்கூட.

எங்கள் ஊர் நோங்கோமாவிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அவருடையது. இளவயதில் சுரங்கத்தில் வேலை பார்த்தார். காது மந்தமானதும் அங்கிருந்து கிளம்பி, கிடைத்ததைப் போட்டு ஒரு பழைய வேனை வாங்கினார். எங்கள் பக்கத்தில் வேன் தொழில் என்றால் பாதி தொழில் சாலையில், மீதி தொழில் சாலைக்காக. எந்த வழி யாருடையது என்ற சண்டையில் ஸ்டாண்டிலேயே ஆட்கள் சுடப்பட்டு விழுந்திருக்கிறார்கள். அதனால் மற்ற ஓனர்களைப் போல அவரும் இடுப்பில் துப்பாக்கி கட்டியிருந்தார். பரீட்சை எழுதி, கைரேகை வைத்து, லைசென்ஸ் அட்டை வாங்கிய துப்பாக்கி. உறைக்குள் இருக்க வேண்டும், சட்டை மூடியிருக்க வேண்டும், ஆளை விட்டுப் பிரியக்கூடாது என்பது சட்டம். வருஷக்கணக்காகப் பிரியாமலே இருந்ததில் மாமாவின் நடை வலப்பக்கம் லேசாகச் சாய்ந்துவிட்டது. சர்ச்சில் மண்டியிடும்போதுகூட அந்தப் பக்கம்தான் முதலில் இறங்கும்.

போலீஸ் நிறுத்தினால் அவர் செய்வதற்கெல்லாம் ஒரு வரிசை இருந்தது. கண்ணாடியை முழுதாக இறக்குவார். எஞ்சினை அணைப்பார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் விரல் விரித்து வைப்பார். அவர்கள் வாய் திறப்பதற்கு முன் வணக்கம் சொல்லிவிடுவார். பிறகு எப்போதும் அதே சொற்கள்.

“ஐயா, எங்கிட்ட லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கு. வலது இடுப்புல, உறைக்குள்ள. அட்டை சட்டைப் பையில. நான் அசையல. எப்படி எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க.”

ஒருமுறை, கோழிக் கூடையோடு பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரப் பெண் கேட்கிற மாதிரியே முணுமுணுத்தாள். “இந்த மனுசன் பொண்டாட்டிகிட்ட இவ்வளவு பதவிசா பேசியிருந்தா இன்னும் நாலு புள்ள பொறந்திருக்கும்.”

வேன் முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. போலீஸ்காரன் கையசைத்து, வண்டி தடுப்பைத் தாண்டி, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தடுப்பின் ஆரஞ்சுக் கூம்புகள் மறைந்த பிறகுதான் சிரித்தார். “ஏம்மா, என் வீட்டுக்காரி உன்கிட்ட வந்து புகார் சொன்னாளா?” என்றார்.

அவருடைய தம்பி லிண்டானி, என் சின்ன மாமா, வேறு மாதிரி. வண்டிக்குள் ஏறுவதற்கு முன்பே அவர் பாட்டு ஏறிவிடும். யாரைப் பார்த்தாலும் நின்று பேசுவார். பேசியவர் நகரும் வரை தான் நகரமாட்டார். ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். அதனால்தான் மாமாவுக்குப் பயம், இவன் யாரையும் சந்தேகப்பட மாட்டானே என்று. இரண்டாவது வேன் வாங்கித் தம்பியிடம் கொடுத்தபோது, துப்பாக்கி லைசென்ஸும் எடுத்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். லிண்டானிக்கு அதில் விருப்பமே இல்லை.

“அண்ணே, நான் போலீசுக்கா வண்டி ஓட்டப் போறேன், சனங்களுக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான். சொல்லு. முதல்ல என்ன?”

“முதல்ல கண்ணாடி. ரெண்டாவது எஞ்சின். மூணாவது கை. நாலாவது, மூஞ்சிய வெலாபி சுங்கு மாதிரி வச்சிக்கணும்.” என் பக்கம் திரும்பி அந்த முகத்தை வைத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கண்ண எங்க வைப்ப?” மாமா விடவில்லை.

“கீழ.”

“அதான் தப்பு. வீட்டுல பெரியவங்க முன்னாடி கண்ணு கீழ. ரோட்டுல போலீஸ் முன்னாடி கண்ணு நேரா. கீழ பாத்தா எதையோ மறைக்கிறேன்னு நினைப்பாங்க.”

“சரி, நேரா. அண்ணே, இவ்வளவு பாடம் சுரங்கத்துல வெடி வைக்கிறவனுக்குக்கூட சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.”

கண்ணைப் பற்றிச் சொன்ன மாமா கையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எங்களில் யாரும் மதிப்புள்ளவருக்கு எதையும் ஒற்றைக் கையால் நீட்ட மாட்டோம். வலது கை நீளும்போது இடது கை தானாக வந்து முழங்கையைத் தாங்கும். நடக்கத் தெரிவதற்கு முன்பே அது வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கை நம்மைக் கேட்பதில்லை.

மழை விட்ட ஒரு மாலை. தைலமரத் தோட்டத்துக்குக் கீழே சாலை வளைகிற இடம். லிண்டானியின் வேனில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கண்ணாடியை இறக்கினார். எஞ்சினை அணைத்தார். வணக்கம் சொன்னார். துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். நேராகப் பார்த்தார். “அட்டையக் குடுங்க” என்று போலீஸ்காரன் கேட்டான். லிண்டானி சட்டைப் பையிலிருந்து வலது கையால் அட்டையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். மடியில் கிடந்த இடது கை எழுந்து, வயிற்றைக் கடந்து, வலது முழங்கையைத் தேடிப் போனது. முழங்கைக்கு நேர் கீழே துப்பாக்கி இருந்தது.

சுட்டவன் வேற்று நாட்டவன் இல்லை. எங்கள் மொழி பேசுகிறவன். அவனும் தன் அப்பாவிடம் இரண்டு கையாலும்தான் எதையும் வாங்கியிருப்பான். விசாரணையில், இடுப்பை நோக்கி ஒரு கை போனதை மட்டும்தான் பார்த்தேன் என்றான். பொய் சொல்லவில்லை என்று மாமாவே சொன்னார். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குப் பிறகு மாமா யாருக்கும் இரண்டு கையால் எதையும் கொடுக்கவில்லை. கடையில் காசு நீட்டும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனுக்கு ஒற்றைக் கையால் குவளையை நீட்டியதும், அந்த மனிதர் வாங்காமல் எழுந்து போய்விட்டார். “வெலாபிக்குத் திமிர் வந்துட்டுது” என்றார்கள். அத்தை டெலிசிலே பின்னாலேயே போய் வீடு வீடாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வளைவு வழியாக அவர் வேனை எடுத்துப் போவதும் நின்றது. சுற்றிப் போனார். பயணிகள் சலித்துக்கொண்டார்கள், சிலர் வேறு வேனுக்கு மாறினார்கள். கனவில் லிண்டானி வருவதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வருவதில்லை. வளைவிலேயே நிற்கிறார். அட்டையை நீட்டிக்கொண்டு, முழங்கையைத் தாங்கிக்கொண்டு. யாரும் வந்து வாங்குவதில்லை. மழை அட்டையின் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது.

ஒருநாள் காலை களியைப் பிசைந்தபடி சொன்னாராம். “அவனுக்குக் கை வலிக்கும், டெலிசிலே.”

அத்தை சர்ச்சில் பாடுகிறவள். ஆனாலும் அவள்தான் கடைசியில் அதைச் சொன்னாள். “உடம்பத்தான் கொண்டாந்து புதைச்சோம். அவர யாரும் போய்க் கூட்டிட்டு வரல. பாஸ்டர் வேணாம்னாரு, நானும் சரின்னேன். இப்ப நானே சொல்றேன். போங்க. போய்க் கூட்டிட்டு வாங்க.”

வெளியில் செத்தவர் செத்த இடத்திலேயே நிற்பார். வீட்டு ஆள் ஒருவர் காட்டு இலந்தைக் கிளையோடு அங்கே போய்க் கூப்பிட்டால் கிளையில் ஏறிக்கொள்வார். அந்தக் கிளையில் முட்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று நேராக முன்னால் நீளும். மற்றது கொக்கியாகப் பின்னால் வளையும். கிளையைப் பிடித்தவர் வீடு சேரும் வரை உயிரோடிருக்கிற யாரிடமும் பேசக்கூடாது. கிளையைக் கீழே வைக்கக்கூடாது, இன்னொருவர் கையில் கொடுக்கவும் கூடாது. செத்தவரிடம் மட்டும் பேசலாம், பேசவும் வேண்டும்: பாலம் வருகிறது, வண்டி திரும்புகிறது, இப்போது ஏறு, இப்போது இறங்கு என்று. இதில் எது தவறினாலும் அவர் வழியில் இறங்கிவிடுவார். இறங்கின இடம் யாருக்கும் தெரியாது.

கிளை பிடிக்கிறவர் வண்டி ஓட்ட முடியாது. அதனால் மாமாவின் பழைய பிக்கப்பை ஓட்ட என்னைக் கூப்பிட்டார்கள். அதிகம் பேசாதவன் என்பதும் காரணமாக இருக்கலாம்.

குளிர்காலம். கிளம்புகிற நேரம், அத்தை வாசலில் நின்றபடி மாமாவின் சட்டையின் வலப்பக்கத்தைப் பார்த்தாள்.

“அத வச்சிட்டுப் போங்க.”

“எத?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

“ஆள விட்டுப் பிரியக்கூடாதுன்னு சட்டம்.”

“இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டினா சட்டம் அழுவுதா?”

“அந்த ரோட்டுல வெறும் இடுப்போட நான் போக மாட்டேன்.” சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அத்தை ஒரு துணியில் ரொட்டி கட்டி என் மடியில் வைத்தாள்.

சாலையின் இரண்டு பக்கமும் புல்லை எரித்திருந்தார்கள். கறுப்பு நிலத்தில் கரையான் புற்றுகள் மட்டும் சிவப்பாக நின்றன. போகும் வழியில் மாமா ஓயாமல் பேசினார். டயர் விலை, மந்தமான காது, சுரங்கத்தில் வேலை கேட்டுப் போன லிண்டானி மேஸ்திரியைச் சிரிக்க வைத்துவிட்டு வேலை இல்லாமல் திரும்பி வந்த கதை. இனிமேல் பேச முடியாது என்பதால் முன்கூட்டியே பேசித் தீர்க்கிறார் என்று நினைத்தேன். தைலமரங்கள் தூரத்தில் தெரிந்ததும் அந்தப் பேச்சை நிறுத்தினார்.

“இனி எங்கிட்ட எதுவும் கேக்காத மாப்ள. கேட்டாலும் பதில் வராது. நான் ஏதாச்சும் சொன்னா அது உனக்கில்ல.”

“சரி மாமா.”

“நிறுத்தினாங்கன்னா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

வளைவில் ஒன்றும் இல்லை. ஒரு சிலுவைகூட யாரும் நட்டிருக்கவில்லை. தாரில் பழைய கறை என்று ஒன்றைப் பார்த்தேன்; அது எண்ணெயாகவும் இருக்கலாம். மாமா சாலையோரத்தில் குந்தி, கிளையின் நுனியைத் தரையில் தொட வைத்தார். சுங்கு குலத்தின் முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு சாதாரணக் குரலில், தூங்குகிறவனை எழுப்புவது போல, “லிண்டானி, எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்” என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். “கைய இறக்கிக்க. அட்டைய நான் வாங்கிக்கிட்டேன்.”

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது கிளை அவருடைய மடியில் குறுக்கே கிடந்தது. இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். முள் குத்தி ஒரு விரலில் ரத்தம் கசிந்தது, துடைக்கவில்லை. “லிண்டானி, இது வெள்ளை ஆத்துப் பாலம். கடக்கிறோம்.” “லிண்டானி, வண்டி இடது பக்கம் திரும்புது.” ஒவ்வொரு முறையும் என் உடம்பு அந்தப் பெயருக்குச் சிலிர்த்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்க்காமல் கியர் மாற்றுவதற்குப் பழகிக்கொண்டேன்.

ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் ஆரஞ்சுக் கூம்புகள் தெரிந்தன. நல்ல பகல் வெளிச்சம். குறுக்கே ஒரு போலீஸ் வண்டி. திரும்ப முடியாது, திரும்பினால் துரத்துவார்கள்.

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். இடுப்பில் இருப்பதை அவர் சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்து சொன்னால் லிண்டானி இந்த மேட்டிலேயே இறங்கிவிடுவார். சொல்லாமல் இருந்தால், சட்டைக்குக் கீழே இருக்கிற வீக்கத்தை யாராவது பார்க்கிற கணத்தில் என்ன நடக்கும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

பிரேக்கை மெதுவாக மிதித்தேன். கண்ணாடி, எஞ்சின், கை. அதுவரை எனக்குத் தெரிந்தது.

இளவயதுப் பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி என் பக்கம் வந்தாள். கொஞ்சம் தள்ளி, நீளத் துப்பாக்கியோடு ஒரு பையன். அவளிடம் என் டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே மாமாவைக் கவனித்தாள்.

“ஐயா, வணக்கம். எங்கேந்து வர்றீங்க?”

மாமா கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, உங்களத்தான்.”

“அவரு பேச மாட்டாரு,” என்றேன்.

“ஊமையா?”

“இல்ல...”

“அப்ப நீ சும்மா இரு. அவரத்தான கேக்கிறேன்.” வண்டியைச் சுற்றி மாமாவின் ஜன்னலுக்குப் போனாள். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். ஒரு அடி பின்வாங்கினாள். “கைய மேல தூக்குங்க. அந்தக் குச்சியக் கீழ போடுங்க.”

பையனின் துப்பாக்கி எழும்பி எங்கள் முன்கண்ணாடிக்கு நேராக நின்றது. குழாயின் வட்டமான கறுப்பு. அவன் கன்னத்தில் இன்னும் பரு இருந்தது.

மாமா கைகளை உயர்த்தினார். கிளையோடுதான் உயர்த்தினார். இலைகள் வண்டியின் கூரையில் உரசின. அவர் வாய் திறந்தது.

“லிண்டானி,” என்றார்.

பையன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“லிண்டானி, போலீஸ் நிறுத்தியிருக்காங்க. பயப்படாத. இங்க ஒரு பொண்ணு நிக்கிறா, நல்ல பொண்ணு. முன்னாடி ஒரு பையன் நிக்கிறான், அவனும் பயந்துதான் இருக்கான். எங்கிட்ட லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கு, தம்பி. வலது இடுப்புல, உறைக்குள்ள. அட்டை சட்டைப் பையில. நான் எடுக்க மாட்டேன். என் ரெண்டு கையும் உன்னத்தான் புடிச்சிருக்கு. எந்தக் கையும் எங்கயும் போகாது. அவங்களே எடுத்துக்கட்டும். நீ மட்டும் எறங்கிடாத.”

ஆயிரம் தடவை சொன்ன அதே சொற்கள். ஆனால் இப்படி மெதுவாக, ஒவ்வொன்றையும் கீழே வைத்து வைத்து அவர் சொன்னதில்லை.

“யாரு லிண்டானி?” என்றான் பையன். “பின்னாடி தார்ப்பாய்க்குள்ள எவனாச்சும் இருக்கானா?”

அந்தப் பெண் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிரண்டாக நின்ற முட்களை. அவள் முகம் சட்டென்று சீருடை இல்லாத முகமாக ஆனது. போய்ப் பையனின் துப்பாக்கிக் குழாயை உள்ளங்கையால் தரைக்குத் தாழ்த்தினாள்.

“இருக்காரு. நீ வாய மூடு.”

“எங்க? நான் பாக்கல.”

“நீ பாக்க முடியாது. தொப்பியக் கழட்டு.”

பையன் ஒன்றும் புரியாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

மாமாவின் வலது இடுப்பு வண்டிக்கு உள்பக்கம் இருந்ததால் துப்பாக்கியை ஜன்னல் வழியாக எடுக்க முடியாது. அவர் இறங்க வேண்டும். அவரிடம் சொன்னால் அவர் பதில் சொல்லத் துடிப்பார் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். நல்ல மனசு. கதவைத் திறந்து, குனிந்து, மாமாவுக்கும் எனக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

“லிண்டானி அண்ணே, உங்க அண்ணன் கொஞ்சம் கீழ எறங்கணும். நீங்களும் கூட எறங்குங்க. ஒண்ணும் ஆகாது. நாங்க இருக்கோம்.”

மாமா கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் இறங்கி, கிளையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார். அவள் சட்டையை விலக்கித் துப்பாக்கியை எடுத்தாள், எண்ணைப் பார்த்தாள், அட்டையோடு ஒப்பிட்டாள், ரேடியோவில் கேட்டாள். காற்று கிளையை அசைத்தது. எதிர்ப்பக்கம் போன ஒரு பஸ்ஸில் எல்லா முகங்களும் ஜன்னலுக்கு வந்தன. பிறகு அவளே துப்பாக்கியை உறையில் வைத்து, அட்டையைப் பையில் வைத்து, சட்டையை இழுத்து விட்டாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் செய்வது மாதிரி. கடைசியாக மறுபடி கிளையைப் பார்த்துச் சொன்னாள்: “மன்னிச்சிருங்க லிண்டானி அண்ணே. நல்லபடியா வீடு போய்ச் சேருங்க.” சுங்கு குலத்துக்காரர் என்று அட்டையில் பார்த்திருந்தாள்; “மன்சினி” என்று அந்தக் குலத்தின் புகழ்ப்பேரையும் சேர்த்துக்கொண்டாள். அதைவிட மரியாதையாக ஒருவரை எங்கள் ஊரில் கூப்பிட முடியாது.

“லிண்டானி, ஏறு,” என்றார் மாமா. ஏறி உட்கார்ந்து மறுபடியும், “ஏறு லிண்டானி, போலாம்.” நான் கிளப்பிய பிறகு மூன்றாவது முறை. அதற்குப் பிறகு வீடு வரை பாலங்களை மட்டும் சொன்னார். கடந்த பிறகுதான் சொன்னார்.

மாலையில் வட்டவீட்டின் உட்புறத்தில், முன்னோர்களின் இடத்தில் கிளையை வைத்தோம். முன்னோரை அழைக்கும் இம்பெபோ மூலிகை புகைந்தது. அத்தை வெள்ளாட்டைக் கயிற்றோடு கொண்டுவந்தாள். செத்தவர் கிளையோடு வீட்டுக்குள் வந்துவிட்டால் ஆடு அந்த இலையைத் தின்னும். இலந்தை இலை என்றால் ஆடு சாதாரணமாகவே விடாது. இது முகர்ந்து பார்த்தது. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தது. அத்தை ஓர் இலையைக் கிள்ளி வாயருகே நீட்டினாள். வாயை மூடிக்கொண்டது.

“பசி இல்லயோ என்னவோ,” என்றாள் அத்தை.

“நேத்து ராத்திரிலேந்து கட்டி வச்ச ஆடு.” மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இப்போது பேசலாம் என்பதால் பேசினார். ஆனால் வெகு நேரம் பேசாதவர் குரல். “அந்தப் பொண்ணு அவனப் பேர் சொல்லிக் கூப்பிட்டா.”

“யாரு?”

“போலீஸ் பொண்ணு.”

நடந்ததை நான் அத்தைக்குச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “மரியாதையாத்தான கூப்பிட்டிருக்கா. நல்ல எடத்துப் பொண்ணு போல,” என்றாள்.

“அதான். மரியாதையா கூப்பிட்டா அவன் நிப்பான். மன்னிப்பு வேற கேட்டா. மன்னிப்புக் கேட்டவங்கள அப்படியே விட்டுட்டு வருவானா அவன்? பதில் சொல்லணும்னு நின்னிருப்பான். அவ நகர்ற வரைக்கும் நகர மாட்டான்.” மாமா கையை முகத்தில் வைத்துக்கொண்டார். “அவன் எப்பவுமே அப்படித்தான, டெலிசிலே.”

அத்தைக்கும் தெரியும். ஆட்டை அவிழ்த்து வெளியே கொண்டுபோனாள்.

விடிந்ததும் இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மாமா துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை அத்தையிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னாலிருந்த மரத்தில் புதுக் கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். நடக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தடுமாறியது. வண்டியில் உட்கார்ந்த பிறகும் வலது கை இரண்டு மூன்று தடவை இடுப்புக்குப் போய்விட்டு, ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

வளைவு வரை போகவில்லை. நேற்று நிறுத்திய அந்த மேட்டுக்குத்தான் போனோம். போலீஸ் இல்லை. டயர் தடங்கள் இருந்தன. மறந்துவிட்டுப்போன ஒரு ஆரஞ்சுக் கூம்பு சாலையோரத்தில் சாய்ந்து கிடந்தது. லாரிகள் வேகம் குறைக்காமல் போயின.

மாமா கூம்பைத் தாண்டி நடந்து, நேற்று கை உயர்த்தி நின்ற இடத்தில் நின்றார்.

“லிண்டானி,” என்றார். “அந்தப் பொண்ணு போயிட்டா. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டா. நீ அவளுக்குப் பதில் சொல்ல வேண்டாம். நான் சொல்லிட்டேன்னு வச்சுக்க. வா.”

நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா உடனே ஏறவில்லை. ஒதுங்கி நின்றார், ஒருவர் முதலில் ஏறிக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு இன்னும் கொஞ்சம். எரிந்த புல்லின் வாசனை வந்தது.

வழியில் எங்களை யாரும் நிறுத்தவில்லை. மாமா சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னார். பாலம். திருப்பம். ஊர் எல்லை. அவர் குரலில் நேற்றிருந்த கெஞ்சல் இல்லை. வண்டியில் கூட வருகிறவனிடம் வழி சொல்கிற குரல். வாசலில் இறங்கும்போது, “இதுதான் உன் வீடு” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் உடைந்தது.

ஆட்டைக் கொண்டுவந்தார்கள். அது முகர்ந்தது. முன்னால் நீண்ட முள்ளைத் தவிர்த்து, கொக்கி முள்ளைத் தவிர்த்து, மேலுதட்டால் ஓர் இலையைப் பிய்த்தது. மென்றது. இன்னொன்று. கிளை கொஞ்சம் கொஞ்சமாக வெறுங்குச்சி ஆகிக்கொண்டிருந்ததை மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

“வந்துட்டாரு,” என்றாள் அத்தை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வந்துட்டாரு இல்ல?”

“வந்துட்டான்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா?”

“வழியில யாரும் கூப்பிடல. அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.”

குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தச் சொல்லி அத்தை இரண்டு முறை சொன்னாள். ஆடு தின்று முடித்துப் படுத்த பிறகும் மாமா சாத்தவில்லை.